குழியில் விழுந்தது வேன், வீங்கியது டயர்



தலைப்பைப் பார்த்ததும், "இது ஆண்கள் படிக்க வேண்டிய சங்கதி" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். வாகனத்தை ஓட்டுபவர் உங்கள் கணவராகவோ சகோதரராகவோ இருக்கலாம். ஆனால் பின்னால் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு இருப்பவர் யார்? நீங்கள்தானே! இப்போது மலையகத்திலும் எத்தனையோ சகோதரிகள் தாங்களே ஓட்டுகிறார்கள். ஆகவே கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

என் நானா கொட்டகலைப் பக்கம் பாடசாலை வேன் ஓட்டுகிறார். ஒரு வியாழக்கிழமை, கலியாண வீடொன்றுக்குப் போய்விட்டு இரவில் மலையேறி வந்துகொண்டிருந்தோம். நல்ல மழை. மூடுபனி வேறு. ஒரு வளைவில் 'படார்' என்று ஒரு சத்தம். தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளெல்லாம் எழும்பிவிட்டார்கள். எந்த இடம் என்று சொல்லப் போவதில்லை. மழைக்காலத்தில் மலையகத்தில் எல்லா வளைவும் அப்படித்தான். குழியில் தண்ணீர் நிறைந்து நின்றால் அது அரை அங்குலமா, அரை அடியா என்று யார் கண்டது?

நானா கொஞ்ச தூரம் போய் நிறுத்தி, டோர்ச் அடித்துப் பார்த்தார். "ஒண்டுமில்ல, பயப்பட வாணாம். டயர் நல்லாத்தான் இருக்கு" என்றார். வீடு வந்து சேர்ந்தோம். மறுநாள் வெள்ளிக்கிழமையும் அதே வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கினார். அப்போதும் ஒன்றும் நடக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதினி வேனைக் கழுவினார். சேறு அப்பியிருந்த முன் இடப்பக்கச் சில்லின் உட்புறத்தைக் கையை விட்டுத் துடைத்தபோது ஏதோ தட்டுப்பட்டது. கல் ஒட்டியிருக்கிறது என்று நினைத்துப் பிடுங்கப் பார்த்திருக்கிறார். கல் அல்ல. டயரின் பக்கச் சுவரே கோழி முட்டை அளவுக்கு வீங்கி நின்றது! மறுநாள் காலை அந்தச் சில்லின் மேல்தான் பன்னிரண்டு பிள்ளைகள் பாடசாலைக்குப் போயிருப்பார்கள்.

நானா பார்க்காமல் இல்லை. வெளிப்பக்கத்தை மட்டும் பார்த்தார். அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த வீக்கம் எதனால்?

டயர் என்றால் வெறும் ரப்பர் என்று நினைக்கிறோம். ரப்பருக்குள்ளே நூல் இழைகள் நெருக்கமாக ஓடுகின்றன. தரையில் படும் பகுதிக்குக் கீழே எஃகுக் கம்பி இழைகளும் இருக்கின்றன. உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தத்தைத் தாங்குவது உண்மையில் இந்த இழைகள்தாம். ரப்பர் காற்றை வெளியே விடாமல் மூடி வைத்திருக்கிறது.

சில்லு குழிக்குள் இறங்கி, எதிர்ப்பக்க விளிம்பில் மோதுகிறது. அந்த ஒரு நொடியில் டயர் நசுங்கி, குழியின் விளிம்புக்கும் ரிம்மின் விளிம்புக்கும் நடுவே அகப்படுகிறது. கதவிடுக்கில் விரல் அகப்பட்டதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்களேன். ரப்பர் வளைந்து கொடுத்துத் தப்பிவிடும். உள்ளே இழை அறுந்துவிடும். இழை அறுந்த இடத்தில் காற்றைத் தடுக்க ரப்பரைத் தவிர வேறொன்றும் இல்லை. அது மெல்ல மெல்ல வெளியே தள்ளும். அதுதான் வீக்கம். சில சமயம் அன்றே தெரியும். சில சமயம் பல நாட்கள் ஓடி, சூடேறிய பிறகுதான் தெரியும்.

இதற்கு ஒட்டுப் போட முடியாது. ஆணி குத்திய ஓட்டையை அடைக்கலாம், அதுவும் தரையில் படும் பகுதியில் இருந்தால். பக்கச் சுவரில் வீங்கியதையோ வெட்டுப்பட்டதையோ எந்தக் கடைக்காரர் ஒட்டித் தருகிறேன் என்றாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். "ட்யூப் போட்டு ஓட்டலாம்" என்று சிலர் சொல்வார்கள். ட்யூப் காற்றைப் பிடித்துக்கொள்ளுமே தவிர, அறுந்த இழையைச் சேர்த்துவிடாது. அது திடீரென்று வெடிக்கும் டயர். ஒரு பக்கம் மலைச் சுவர், மறுபக்கம் தேயிலைச் சரிவு என்று இருக்கும் பாதையில் முன் சில்லு வெடித்தால் ஸ்டியரிங்கைப் பிடித்து நிறுத்த எத்தனை அடி இடம் இருக்கிறது என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

எப்படிப் பார்ப்பது?

குழியில் விழுந்தவுடன், சமமான, அகலமான ஓர் இடத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். வளைவிலும் ஏற்றத்திலும் வேண்டாம். ஹேன்ட் பிரேக்கை இழுத்து, சில்லுக்குக் கல் வைத்த பிறகே இறங்கிக் குனிய வேண்டும்.

முன் சில்லாக இருந்தால் ஸ்டியரிங்கை முழுவதும் ஒரு பக்கம் திருப்பச் சொல்லுங்கள். உட்பக்கம் வெளியே தெரியும். பிறகு மறுபக்கம் திருப்பிப் பார்க்கலாம். பின் சில்லு திரும்பாது. அதற்குக் கையை விட்டுத் தடவித்தான் பார்க்க வேண்டும். இரவில் கண்ணை விடக் கைதான் நல்லது. ஆனால் ஓடி வந்த பிரேக் சுடும், கம்பி நீட்டிக்கொண்டிருக்கலாம். ஒரு துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள். தரையில் படிந்திருக்கும் பகுதியும் தெரியாது. வாகனத்தை அரைச் சுற்று முன்னே நகர்த்தி மறுபடியும் பார்க்க வேண்டும். மோதிய சில்லை மட்டும் பார்த்தால் போதாது. முன் சில்லு விழுந்த குழியில் பின் சில்லும் விழுந்திருக்கும் அல்லவா?

அடுத்தது ரிம். இரும்பு ரிம் வளையும். பாஸ் தட்டி நிமிர்த்துவார். அலோய் ரிம் பார்க்க அழகுதான், ஆனால் பலமாக அடிபட்டால் விரிசல் விடும். மயிரிழை போன்ற விரிசல் கண்ணுக்குத் தெரியாது. காற்று மட்டும் மெதுவாகப் போய்க்கொண்டே இருக்கும். காலையில் காற்று அடித்தால் இரவுக்குள் குறைந்துவிடும். வீட்டில் சவர்க்காரம் இருக்கிறது, வாளி இருக்கிறது. நுரைத்த தண்ணீரை ரிம்மின் விளிம்பிலும் காற்றடிக்கும் வால்விலும் ஊற்றிப் பாருங்கள். எங்கே குமிழி வருகிறதோ அங்கேதான் கசிவு.

வாகனம் ஓடும்போது தெரியும் அடையாளங்களும் உண்டு. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தும் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா? சில்லுகளின் நேர் குலைந்திருக்கிறது, எலைன்மென்ட் பார்க்க வேண்டும். வேகம் கூடும்போது ஸ்டியரிங் நடுங்குகிறதா? ரிம் கோணியிருக்கலாம், அல்லது ரிம்மில் ஒட்டியிருந்த ஈயத் துண்டு அடிபட்டு விழுந்திருக்கலாம். சின்ன மேடு பள்ளத்திலும் 'டொக் டொக்' என்று கீழே சத்தம் கேட்கிறதா? அது டயரோடு நிற்கவில்லை. சில்லைத் தாங்கும் கைகளும் மூட்டுகளும் அடிபட்டிருக்கின்றன. அன்றே கராஜுக்குப் போக வேண்டும். சில்லின் உட்பக்கம் எண்ணெய் வழிந்திருந்தால் அது ஷொக் அப்சோபரில் இருந்தும் வரலாம், பிரேக் குழாயில் இருந்தும் வரலாம். பிரேக் எண்ணெய் என்றால் வண்டியை அசைக்கவே கூடாது.

பிரேக் என்றதும் எனக்கு ஞாபகம் வருகிறது. 2023ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் திகதி நானுஓயாவில், ரதெல்ல குறுக்கு வீதியின் செங்குத்தான இறக்கத்தில், கொழும்பு மாணவர்களை ஏற்றி வந்த பஸ் ஒன்று வேனிலும் முச்சக்கரவண்டியிலும் மோதி 7 பேர் உயிரிழந்தார்கள். பஸ்ஸில் பிரேக் பிடிக்கவில்லை என்றே அப்போது சொல்லப்பட்டது. அது டயர் கதையல்ல. ஆனால் இந்த மலையில் இறக்கத்தில் ஒன்று கைவிட்டால் அடுத்தது பிடித்துக்கொள்ள இடமில்லை என்பதை அந்தப் பக்கத்தில் வாழ்கிறவர்கள் யாரும் மறக்கவில்லை.

ஏன் இங்கே இத்தனை குழிகள்?

தார் வீதியைக் கெடுப்பது வாகனம் என்கிறோம். வாகனத்துக்கு முந்திய எதிரி தண்ணீர்தான். மேலே ஒரு சின்ன வெடிப்பு; அதில் மழை இறங்கும்; கீழே உள்ள கல்லும் மண்ணும் இளகும்; அதன் மேல் லொறி ஏறியதும் உள்ளே அமுங்கும். வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் ஆண்டுக்கு 5000 மில்லிமீட்டர் அளவில் மழை கொட்டுகிறது. அவிசாவளையில் இருந்து ஹட்டன் வழியாக நுவரெலியா போகும் ஏ7 வீதியும், பேராதனையில் இருந்து கம்பளை, றம்பொடை வழியாக வரும் ஏ5 வீதியும் இந்த ஈர மலைகளைக் குடைந்தே ஏறுகின்றன. பக்கக் கான் அடைபட்டால் தண்ணீர் வீதிக்கு மேலாகவே ஓடும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது குழி என்ன, மண்சரிவில் வீதிகளே பல இடங்களில் அறுந்து போயின.

பெரிய வீதியை வீதி அபிவிருத்தி அதிகார சபை பார்க்கிறது. தோட்டத்து ரோட்டை யார் பார்ப்பது? 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது. கொழுந்து லொறி போகிற பாதைக்குக் கொஞ்சம் கல் விழும். லயத்துக்குப் போகிற பாதைக்கு அதுவும் விழாது. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின்படி பிரதேச சபைகளால் தோட்டத்துக்குள் சேவை செய்ய முடியாமல் இருந்தது. 2018இல்தான் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு வழி திறந்தது. முப்பது வருடம் விட்ட பாதை முப்பது நாளில் சரியாகிவிடுமா? பாடசாலை வேன்கள் இறங்கி ஏறுவது இந்தப் பாதைகளில்தான்.

குழி தவிர்க்க முடியாதது என்றால் எப்படி ஓட்டுவது? குழிக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, சில்லு உள்ளே இறங்கும்போது பிரேக்கில் இருந்து காலை எடுத்துவிட வேண்டும். பிரேக்கை மிதித்தபடியே விழுந்தால் வண்டியின் பாரமெல்லாம் முன்னுக்குச் சாய்ந்து அடி இரட்டிப்பாகும். குழிக்குப் பயந்து திடீரென்று எதிர்ப்பக்கம் வெட்டுவது அதை விட ஆபத்து. வளைவுக்கு அப்பால் பஸ் வருகிறதா என்று யாருக்குத் தெரியும்? டயர் போனாலும் பரவாயில்லை, நேரே விடுங்கள்.

காற்றையும் சொல்ல வேண்டும். காற்றுக் குறைந்த டயர் குழியில் அதிகம் நசுங்கும். எவ்வளவு அடிக்க வேண்டும் என்பது சாரதி பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கிறது. டயர் சூடேறும் முன், காலையில் அளக்க வேண்டும். "கொழும்பில் அடித்தால் நுவரெலியாக் குளிருக்குக் குறைந்துவிடும்" என்று நம்மவர்கள் கொஞ்சம் கூடுதலாக அடிப்பது வழக்கம். குளிருக்குக் குறைவது உண்மைதான். ஆனால் நுவரெலியா கடல் மட்டத்தில் இருந்து 1868 மீட்டர் உயரம். வெளிக்காற்றின் அழுத்தமும் அங்கே குறைவு; அதனால் மானி கூடுதலாகக் காட்டும். குளிர் குறைப்பதும் உயரம் கூட்டுவதும் ஏறக்குறைய சரிக்குச் சரியாகிவிடுகிறது! ஆகவே தாளில் உள்ளபடியே அடித்தால் போதும்.

இன்னொன்று, ஸ்பெயார் டயர். உங்கள் வாகனத்தில் இருக்கிறதா என்று இன்றே திறந்து பாருங்கள். இப்போது வரும் ஜப்பான் கார்கள் பலவற்றில் ஸ்பெயாரே இல்லை. ஒரு போத்தல் பசையும் காற்றடிக்கும் சின்ன மெஷினும்தான் வைத்திருக்கிறார்கள். ஆணி குத்தினால் அது உதவும். பக்கச் சுவர் கிழிந்தால் உதவாது. இரவில் மலைப்பாதையில் பிள்ளைகளோடு நின்றுகொண்டு அதைக் கண்டுபிடிக்க வேண்டாம். ஸ்பெயார் இருந்தால் அதிலும் காற்று இருக்க வேண்டும். மாற்றிய சில்லின் நட்டுகளை எதிரெதிராக முறுக்கி, ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் மறுபடியும் முறுக்கிப் பார்க்க வேண்டும்.

புது டயர் வாங்கப் போனால் விலையைக் கேட்டதும் மயக்கம் வரும். அதனால் பாவித்த டயரைத் தேடுகிறோம். 2020இல் நின்ற வாகன இறக்குமதி தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அந்த ஐந்து வருடமும் பழைய வண்டிகளைத்தானே இழுத்துக்கொண்டு ஓடினோம்! பாவித்த டயர் வாங்கினால் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் உள்ள நாலு இலக்கத்தைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. பள்ளங்களுக்குள்ளே குறுக்கே சின்ன மேடுகள் இருக்கும்; அவற்றின் உயரம் 1.6 மில்லிமீட்டர். டயர் அந்த மேடு மட்டத்துக்குத் தேய்ந்திருந்தால் விலை எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். உட்பக்கத்தையும் விரித்துத் தடவிப் பாருங்கள். பழைய அடி வெளியே தெரியாவிட்டாலும் உள்ளே ஒரு கோடாகத் தட்டுப்படும்.

நானா திங்கட்கிழமை பிள்ளைகளை ஏற்றவில்லை. பெற்றோருக்கு ஒவ்வொருவராகத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, ஸ்பெயாரைப் பூட்டிக்கொண்டு ஹட்டனுக்குப் போனார். "ஒரு நாள் வருமானம் போச்சு" என்று முணுமுணுத்தபடிதான் போனார். டயர் கடையில் சில்லைக் கழற்றியபோதுதான் ரிம்மின் உள் விளிம்பும் வளைந்திருந்தது தெரிந்தது. இரண்டு முன் டயரும் புதிதாக வாங்கி, எலைன்மென்டும் பார்த்து, மாதச் சீட்டுக் காசு அப்படியே முடிந்தது.

வீங்கிய டயரைத் தனக்குத் தரும்படி அங்கே நின்ற ஒருவர் கேட்டாராம். "முச்சில் வண்டிக்காரன் யாருக்காவது குடுக்கலாம்" என்றாராம். முச்சக்கரவண்டியின் ரிம்மில் அது ஏறவே ஏறாது. யாருடைய வேனுக்குப் போகும் என்று நானாவுக்குத் தெரியும். கடையில் இருந்த கத்தியை வாங்கி, பக்கச் சுவரை இரண்டு இடத்தில் ஆழமாக வெட்டிப் போட்டுவிட்டுத்தான் வந்தார்.