ஆய்விதழ்களின் நாணயம்

பூந்தமல்லியிலிருந்து நம்மைக் காண வந்த முனைவர் பட்ட மாணவர் ஒருவர், தம் கட்டுரையை ஓர் ஆய்விதழ் மூன்றே நாளில் ஏற்றுக்கொண்டதாகக் கூறி மகிழ்ந்தார். பணம் கட்டிய ரசீது இருந்தது; மதிப்பீட்டாளரின் குறிப்பு ஒரு வரியும் இல்லை.

கட்டணம் வாங்குவதே குற்றமன்று. எவரும் விலையின்றிப் படிக்கத் தரும் நல்ல இதழ்கள் பலவும் எழுதியவரிடமே செலவைப் பெறுகின்றன. துறையறிந்தோர் படித்துப் பிழை காட்டினரா என்பதே கேள்வி. அவ்வாறு மதிப்பிடுவதாகச் சொல்லி ஆய்வாளரை ஏமாற்றியதற்காக, ஹைதராபாத்தின் ஓமிக்ஸ் நிறுவனம் 5 கோடி டாலருக்கு மேல் செலுத்த வேண்டுமென அமெரிக்க நீதிமன்றம் 2019இல் ஆணையிட்டது.

நம் பல்கலைக்கழக மானியக் குழு 2018 மே மாதம் தன் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது. தரமான சிலவும் அதில் அடிபட்டன என்ற முறையீடு எழுந்தது. 2019இல் 'கேர்' பட்டியல் வந்தது. 2025 பிப்ரவரியில் அதுவும் கைவிடப்பட்டு, இதழைத் தேர்ந்தறியும் பொறுப்பு கல்வி நிறுவனங்களிடமே விடப்பட்டது. பட்டியலைப் பார்த்துக் கையொப்பமிட்டுப் பழகிய நாம் இனிக் கட்டுரையையே படித்தாக வேண்டும்.

பிறர் எழுத்தைத் தமதாக்குவதும் பழைய நோயே. 1505இல் மறைந்த இமாம் சுயூத்தி, நூலாசிரியனையும் திருடனையும் பிரித்துக் காட்டவே அரபியில் தனியே எழுத நேர்ந்தது. சொல்லொப்புமை காணும் கணினி, அரபியிலிருந்து சத்தமின்றித் தமிழாக்கப்பட்ட பக்கத்தைப் பெரும்பாலும் பிடிப்பதில்லை. அரபியறிந்த நாம்தாம் பிடிக்க வேண்டும், நம்மவரே செய்தாலும்.

அம்மாணவர் கட்டுரையைத் திரும்பக் கேட்டு எழுதினார். கட்டிய பணம் வரவில்லை.