குள்ளம் எமது பரம்பரைச் சொத்தா?

"எங்க பரம்பரையே கட்டை, பிள்ளை மட்டும் எப்படி வளரும்?" கிளினிக்கில் பிள்ளையை நிறுக்கும் நாளில் தோட்டத்துப் பாட்டிமார் இப்படிச் சொல்வதை நாம் அடிக்கடி கேட்கிறோம். இது உண்மைதானா?

உலக சுகாதார நிறுவனம் பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் பிள்ளைகளின் வளர்ச்சியை அளந்து, 2006இல் முடிவுகளை வெளியிட்டது. தாய்ப்பாலும் நல்ல உணவும் சுத்தமான சூழலும் கிடைத்த பிள்ளைகள் எந்த இனத்தவராயினும் ஐந்து வயதுவரை ஏறக்குறைய ஒரேவிதமாகவே வளர்ந்தார்கள். ஆனால் இலங்கையில் 2016இல் எடுக்கப்பட்ட கணிப்பின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட நூறு பிள்ளைகளில் 17 பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். தோட்டப்புறத்தில் மட்டும் அது 32. எனவே பிள்ளையின் குள்ளத்திற்குப் பரம்பரையைச் சாட்டிவிட்டு நாம் இருந்துவிட முடியாது.

பிள்ளை கருவில் தங்கிய நாளிலிருந்து இரண்டு வயது நிறையும்வரை ஏறத்தாழ ஆயிரம் நாட்கள். உடலும் மூளையும் விரைந்து வளரும் காலம் இதுவே. இப்போது இழந்ததைப் பின்னர் பள்ளிக்கூட வயதில் ஈடுசெய்வது மிகக் கடினம்.

முதல் ஆறு மாதமும் தாய்ப்பால் மட்டுமே போதும். கொழுந்து பறிக்கப் போகும் தாய்க்கு இது எளிதல்ல. ஆனால் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டப்படி, பிள்ளைக்கு ஒரு வயதாகும்வரை வேலை நேரத்தில் பாலூட்ட இரண்டு இடைவேளைகள் அவளுக்கு உண்டு. பிள்ளை மடுவம் இருந்தால் அரை மணி நேரம் வீதம். இல்லாவிட்டால் ஒரு மணி நேரம் வீதம். இது சலுகையல்ல, உரிமை. கேட்டுப் பெறுங்கள்.

ஆறு மாதம் முடிந்ததும் தாய்ப்பாலோடு வேறு உணவும் வேண்டும். கோதுமை மா ரொட்டியும் சாயத்தண்ணியும் வயிற்றை நிரப்பும், பிள்ளையை வளர்க்காது. உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதையும் தேயிலைச் சாயம் தடுக்கிறது. குழையவிட்ட சோற்றில் பருப்பும் கீரையும் பிசையுங்கள். நெத்தலியை வறுத்து இடித்த தூளோ முட்டையோ சேருங்கள். சிறிது தேங்காயெண்ணெயும் விடுங்கள். தண்ணீர்க் கஞ்சியாக அல்லாமல், கரண்டியில் நிற்கும் பதத்தில் ஊட்டுங்கள். திரிபோஷா கிடைத்தால் அது யாருக்கென்று தரப்பட்டதோ அவருக்கே போகட்டும். வீட்டார் எல்லோரும் பங்கிட்டால் எவருக்கும் பயனில்லை.

மண்சரிவாலும் வெள்ளத்தாலும் வீட்டையும் மரக்கறிப் பாத்தியையும் விட்டு வந்தவர்களுக்கு இன்னொரு வார்த்தை. 2014இல் மீரியபெத்தையில் நடந்ததுபோல, ஒரே காலையில் எல்லாம் போய்விடலாம். பிள்ளையின் சுகாதார அபிவிருத்திப் பதிவேட்டைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். அது தொலைந்திருந்தாலும், புதிய இடத்துக் குடும்பநல உத்தியோகத்தரைத் தேடிப் பிள்ளையின் பெயரைப் பதியுங்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டே கொடுங்கள். ஊட்டிய சத்தை வயிற்றோட்டம் கொண்டுபோய்விடும். நிலம் இல்லாவிட்டாலும் பழைய உரப்பையில் மண் நிரப்பிக் கீரை போடலாம்.

அறிவுரை மட்டும் உலையில் வேகாது என்பதை நாம் அறிவோம். வாழ்வதற்குப் போதிய சம்பளமும் நல்ல பிள்ளை மடுவமும் குடியிருக்கக் காணியும் இன்றி இந்தக் குறை முற்றாகத் தீராது. அவற்றுக்காகச் சங்கங்களிலும் கூட்டங்களிலும் சேர்ந்து குரல் கொடுப்போம். ஆனால் அந்த நாள் வரும்வரை பிள்ளையின் ஆயிரம் நாட்கள் காத்திருக்க மாட்டா. இன்றைய சோற்றுக்கோப்பையில் ஒரு கரண்டி பருப்பைக் கூட்டிப் போடுவோம்.