மின்சாரமும் மனைச் சிக்கனமும்

மாதத்தில் ஒரு நாள் மின்மானி வாசிப்பவர் படலையைத் தட்டுகிறார். சுவரிலுள்ள மின்மானியை ஏறிட்டுப் பார்க்கிறார், எண்ணைக் குறித்துக்கொள்கிறார், மின்பட்டியலைக் கையிற் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குச் சென்றுவிடுகிறார். அவர் அங்கு நின்றது இரண்டொரு நிமிடமே. அவர் விட்டுச்சென்ற துண்டுக் கடதாசியோ அன்று முழுவதும் அவ்வீட்டின் பேச்சாகிவிடுகிறது. "இவ்வளவு மின்சாரத்தையும் யார் செலவழித்தது?" என்று தந்தையார் கேட்கிறார். தமையன் தங்கையைக் காட்டுகிறான். தங்கை தொலைக்காட்சிப் பெட்டியைக் காட்டுகிறாள். ஈற்றில் தீர்ப்பு ஒன்று பிறக்கிறது: இரவு ஒன்பது மணிக்கு மேல் வீட்டில் ஒரு விளக்கும் எரியலாகாது. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் மேசை விளக்கும் அத்தீர்ப்புக்கு இரையாகிறது.

இத்தீர்ப்பு நீதியானதா? சிக்கனம் வேண்டும் என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆயினும் எதனைக் குறைத்தால் எவ்வளவு மிஞ்சும் என்று அறியாமற் செய்யும் சிக்கனம், குடத்தின் அடியிலுள்ள ஓட்டையை விட்டு அதன் வாயை மூடுவது போன்றது. ஆதலின், வீட்டு மின்சாரத்தின் கணக்கை முதலில் விளங்கிக்கொள்வது நன்று.

இக்கணக்கைப் பாராமலே வாழக்கூடிய காலம் ஒன்று இலங்கையில் இருந்தது. லக்ஷபானையில் 1950ஆம் ஆண்டு நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பின்னர், மலையில் விழும் மழையே நாட்டின் விளக்குகளுக்கு நெய்யாயிற்று. நாளடைவில் தேவை பெருகியது. மழை மட்டும் போதாமற் போயிற்று. நிலக்கரியும் எரிநெய்யும் கப்பலில் வரவேண்டியதாயிற்று. 2022ஆம் ஆண்டு அவற்றை வாங்க அந்நியச் செலாவணி இல்லாத நிலை ஏற்பட்டபோது, மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரையில் மின்வெட்டு நிகழ்ந்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவ்வாண்டு ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக நூற்றுக்கு 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் உயர்ந்தது. அதன்பின் சில தடவை இறங்கியும் ஏறியும் வந்திருக்கிறது. கட்டண வீதம் எவர் கையிலிருப்பினும் ஆளி வீட்டாரின் கையிலேயே இருக்கிறது. அந்த ஆளியை அறிந்து கையாளுவதே மனைச் சிக்கனம்.

மின்பட்டியலில் 'அலகு' என்று குறிக்கப்படுவது யாது? ஆயிரம் வாற்று வலுவுள்ள ஒரு கருவி ஒரு மணி நேரம் இயங்கினால் ஓர் அலகு செலவாகும். நூறு வாற்றுக் கருவியாயின் அதே ஓர் அலகுக்குப் பத்து மணி நேரம் இயங்கும். ஒவ்வொரு கருவியின் பின்புறத்திலும் அடியிலும் ஒட்டப்பட்டுள்ள சிறு தகட்டில் அதன் வாற்று எழுதப்பட்டிருக்கும். அவ்வெண்ணை அது இயங்கும் மணிநேரத்தாற் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் அலகு கிடைக்கும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் செய்யக்கூடிய கணக்கு இது.

இக்கணக்கை வீட்டிலுள்ள பொருள்களுக்குப் போட்டுப் பார்த்தால் ஓர் உண்மை தெளிவாகும். ஒளி தரும் கருவி சிறிது உண்கிறது. காற்றுத் தரும் கருவி அதனினும் கூடுதலாக உண்கிறது. வெப்பம் தரும் கருவியோ பெருந்தீனி கொள்கிறது. ஒன்பது வாற்று எல்.ஈ.டி. மின்குமிழ் ஒன்று நாள்தோறும் நான்கு மணி நேரம் எரிந்தால் மாதத்துக்கு ஏறக்குறைய ஓர் அலகே செலவாகும். பழைய அறுபது வாற்று இழைக்குமிழ் அதே நேரம் எரிந்தால் ஏழு அலகுக்கு மேற்பட்டுவிடும். இழைக்குமிழும் உண்மையில் ஒரு சூட்டுக் கருவியே. அது உண்ணும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாகவே வீணாகிறது. இன்னும் அத்தகைய குமிழ் எங்கேனும் கோடியிலோ குளியலறையிலோ தொங்குமாயின் முதலிற் கழற்றத்தக்கது அதுவே.

இனி வெப்பக் கருவிகளைப் பார்க்கலாம். ஒரு லீற்றர் தண்ணீரை மின்கேத்தலிற் கொதிக்கவைக்க ஓர் அலகில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு வேண்டும். இது சிறிதாகத் தோன்றும். ஆனால் இரண்டு கோப்பைத் தேநீருக்காகக் கேத்தலை நிரப்பி, ஒரு லீற்றரை வேண்டாமற் கொதிக்கவைத்து ஆறவிடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. நாளுக்கு ஐந்து முறை அவ்வாறு நிகழ்ந்தால் மாத முடிவில் பதினைந்து அலகு வரை ஆவியாய்ப் போய்விடும். காலையில் ஒருமுறை கொதிக்கவைத்துச் சுடுநீர்க் குடுவையில் ஊற்றி வைப்பவர்கள் இந்நட்டத்தை அறியார்.

சுடுநீர்க் குளிப்பு இதனினும் பெரிது. குழாயிலேயே நீரைச் சூடாக்கும் மூவாயிரத்து ஐந்நூறு வாற்றுக் கருவியில் ஒருவர் பத்து நிமிடம் குளித்தால் அரை அலகுக்கு மேல் செலவாகும். நால்வர் நாள்தோறும் குளித்தால் மாதத்துக்கு எழுபது அலகு. நுவரெலியா போன்ற குளிர்ந்த இடங்களில் சுடுநீரைத் தவிர்க்குமாறு யாரும் சொல்லார். அங்கும் பத்து நிமிடத்தை ஐந்தாக்கினால் முப்பத்தைந்து அலகு மிஞ்சும். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பகல் வெயிலிற் காய்ந்த தொட்டித் தண்ணீரே பெரும்பாலான நாள்களுக்குப் போதிய சூட்டோடு இருக்கும்.

மின்னழுத்தியும் இவ்வினத்தைச் சேர்ந்தது. முற்காலத்தில் சிரட்டைக் கரியிட்ட அழுத்தியைக் கொண்டு துணி அழுத்திய இல்லத்தரசி, நெருப்பு மூட்டிய பின் வாரத்துத் துணி முழுவதையும் அழுத்தி முடித்த பின்னரே அதனை அணைப்பாள். மூட்டும் தொல்லை அவளுக்குச் சிக்கனத்தைக் கற்பித்தது. இன்றோ ஆளியைத் தட்டினாற் போதும். ஆகவே நாள்தோறும் காலையில் ஆளுக்கொரு முறை அழுத்தி சூடேறுகிறது. வெளியே அணியும் உடைகளை மட்டும் வாரத்தில் இரு நாள் ஒன்றாக அழுத்துவதும், வீட்டில் உடுப்பவற்றை நன்றாக உதறிக் காயவிட்டு மடித்துவைப்பதும் பழைய ஒழுங்கின் புதிய வடிவமாகும்.

குளிர்சாதனப் பெட்டி தனி இனம். அதன் வாற்று குறைவு. ஆனால் அது இரவு பகலாய் விழித்திருப்பது. சூடான சோற்றையும் கறியையும் அதனுள் வைத்தால் அச்சூட்டை வெளியேற்ற அது கூடுதலாக உழைக்கவேண்டும். கதவைச் சுற்றியுள்ள றப்பர் விளிம்பு தளர்ந்திருந்தால் குளிர் வெளியேறிக்கொண்டேயிருக்கும். ஒரு கடதாசித் துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார்த்தால், அது தடையின்றி வருமாயின் விளிம்பு பழுதென்று அறியலாம். பெட்டியின் பின்புறத்துக்கும் சுவருக்கும் இடையில் காற்றோட்டத்துக்கு இடம் விடுவதும், அடுப்பங்கரையின் வெக்கையிலிருந்து அதனை விலக்கி வைப்பதும் காசில்லாச் சிக்கனங்கள்.

கிணற்றிலிருந்து நீரிறைக்கும் மோட்டரையும் மறத்தல் ஆகாது. தொட்டி நிரம்பி வழிந்த பின்னரும் கால் மணி நேரம் ஓடும் மோட்டர், நாள்தோறும் அவ்வாறு ஓடினால், மாதத்தில் ஐந்தாறு அலகைக் குழாயோடு கொட்டிவிடும். அதனோடு நிலத்தடி நீரும் வீணாகிறது.

அலகுகளை எண்ண அறிந்தோர் அடுத்து அறியவேண்டியது மின்பட்டியலின் படிக்கட்டு. இலங்கையில் வீட்டு மின்சாரத்துக்கு எல்லா அலகுக்கும் ஒரே விலையன்று. பாவனை கூடக்கூட அலகின் விலையும் மாத நிலைக்கட்டணமும் ஏறிச்செல்லும். அறுபது அலகு என்பது அதில் முக்கியமான ஒரு படி. மாதப் பாவனை அறுபதுக்குள் இருப்பின் முதல் முப்பதுக்கு ஒரு விலையும் அடுத்த முப்பதுக்கு மற்றொரு விலையும் அறவிடப்படும். இரண்டும் தாழ்ந்த விலைகள். அறுபதைக் கடந்துவிட்டாலோ, கடந்த அலகுக்கு மட்டுமன்றி முதல் அறுபது அலகுக்கும் உயர்ந்த விலை விழுந்துவிடும். இதனைப் பலர் அறிவதில்லை.

வீதங்கள் காலத்துக்குக் காலம் மாறுவதால், கணக்கின் போக்கைக் காட்டுவதற்காக மட்டும் சில எண்களைப் பாவனை செய்துகொள்ளலாம். முதல் முப்பது அலகு ஐந்து ரூபா வீதம், அடுத்த முப்பது பத்து ரூபா வீதம், நிலைக்கட்டணம் இருநூறு ரூபா என்று கொண்டால் அறுபது அலகுக்கு 650 ரூபா. அறுபதைக் கடந்தால் முதல் அறுபதும் பதினைந்து ரூபா வீதம், மேற்பட்டவை இருபது ரூபா வீதம், நிலைக்கட்டணம் நானூறு ரூபா என்று கொண்டால் அறுபத்தோர் அலகுக்கு 1,320 ரூபா. ஒரே ஓர் அலகு பட்டியலை இரட்டித்துவிடுகிறது. இன்றைய வீதங்களை வீட்டுப் பட்டியலைக் கொண்டு அறிந்து இவ்விடத்தில் இட்டுப் பார்க்கலாம்; எண்கள் மாறும், படி மாறாது.

இனி, தொடக்கத்திற் கண்ட வீட்டுக்குத் திரும்பலாம். அவ்வீட்டின் மாதப் பாவனை அறுபத்தெட்டு அலகு என்று வைத்துக்கொள்வோர், அதனைப் பகுத்துப் பார்த்தால் ஏறத்தாழ இவ்வாறிருக்கும்: குளிர்சாதனப் பெட்டிக்கு முப்பது, இரண்டு மின்விசிறிகளுக்குப் பதினான்கு, மின்னழுத்திக்குப் பத்து, தொலைக்காட்சிக்கு ஏழு, ஆறு எல்.ஈ.டி. விளக்குகளுக்கும் சேர்த்து ஏழு. பிள்ளையின் மேசை விளக்கை ஒன்பது மணிக்கு அணைத்ததால், அது எரிந்திருக்கக்கூடிய இரண்டு மணி நேரத்தின் பயனாக மாதமொன்றுக்கு மிஞ்சுவது அரை அலகு. பட்டியல் அறுபத்தெட்டிலிருந்து அறுபத்தேழரைக்கு இறங்கும், படி இறங்காது. பிள்ளை இழந்ததோ முப்பது இரவுகளில் அறுபது மணி நேரப் படிப்பு.

அதற்குப் பதிலாக, ஆளில்லா அறையில் வீணே சுழலும் விசிறிகளை நாளுக்கு ஒரு மணி நேரம் நிறுத்தினால் மூன்றரை அலகு மிஞ்சும். அழுத்தும் துணிகளைக் குறைத்து வாரத்தில் இரு நாளுக்கு ஒதுக்கினால் நான்கு மிஞ்சும். குளிர்சாதனப் பெட்டியின் தளர்ந்த விளிம்பை மாற்றி, சூடான பொருளை வையாதிருந்தால் இரண்டு அலகேனும் மிஞ்சும். பாவனை ஐம்பத்தெட்டரைக்கு வந்துவிடுகிறது. மேற்கூறிய வீதங்களின்படி 1,460 ரூபாவாயிருந்த பட்டியல் 635 ரூபாவாகிறது. மேசை விளக்கு அணையவில்லை; பிள்ளையின் கண்ணுக்கும் கல்விக்கும் கேடில்லை.

இவ்விளக்கின் பெறுமதியை வடபுலத்தார் நன்கறிவர். 1990களில் யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரமின்றி இருண்டு கிடந்தபோது, ஜாம் போத்தலுக்குள் சிறிது மண்ணெண்ணெயும் ஒரு திரியும் இட்டு, அச்சிறு சுடரைச் சூழ்ந்திருந்து பிள்ளைகள் படித்தார்கள். துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள். ஒரு துளி எண்ணெயையும் எண்ணிச் செலவிட்ட அந்நாளிலும் பெற்றோர் முதலில் மிச்சம் பிடித்தது படிப்பு விளக்கிலன்று, ஏனையவற்றிலேயே. எதனைக் குறைப்பது, எதனைக் காப்பது என்ற அந்தப் பகுத்தறிவே சிக்கனத்துக்கும் உலோபத்துக்கும் இடையிலுள்ள வரம்பு.

இவற்றைச் செயலிற் கொண்டுவர விரும்புவோருக்கு ஒரு கொப்பியும் பென்சிலும் போதும். நாள்தோறும் ஒரே நேரத்தில் மின்மானியின் எண்ணைக் குறித்து, முதல் நாள் எண்ணை அதிலிருந்து கழித்தால் அன்றைய செலவு தெரியும். நாளுக்கு இரண்டு அலகு என்றால் முப்பது நாளைக்கு அறுபது. இரண்டைத் தாண்டும் நாளில் காரணம் தேடலாம். இவ்வேலையை வீட்டிலுள்ள பிள்ளையிடம் ஒப்படைப்பது மிகப் பொருத்தம். கணக்குப் பழகும், வீட்டின் பொறுப்பிலும் பங்கு கிடைக்கும். ஒருநாள் எல்லாக் கருவிகளையும் நிறுத்தி, செருகிகளையும் கழற்றிவிட்டு மின்மானியைப் பார்ப்பதும் நன்று. அப்பொழுதும் தட்டுச் சுழன்றாலோ, புதிய மானியின் சிறு விளக்கு மினுங்கினாலோ, மின்னிணைப்பில் எங்கோ கசிவு இருக்கக்கூடும். அது பணத்துக்கு மட்டுமன்றி உயிருக்கும் ஆபத்தாகலாம். தகுதிபெற்ற மின்னிணைப்பாளரை அழைப்பதில் தாமதம் கூடாது.

மாலை ஆறரை மணி முதல் இரவு பத்தரை மணி வரை நாடு முழுவதும் ஒருங்கே விளக்கேற்றும் வேளை. அவ்வேளைத் தேவைக்காகவே செலவு மிகுந்த எரிநெய் நிலையங்களை இயக்க நேர்கிறது. சாதாரண வீட்டுப் பட்டியல் இரவு பகல் என்று வேறுபாடு பாராட்டுவதில்லை. எனினும், துணி அழுத்துவதையும் நீரிறைப்பதையும் பகலுக்கு மாற்றிக்கொள்ளும் வீடு நாட்டின் சுமையைக் குறைக்கிறது. நாட்டின் செலவு குறைந்தால் என்றேனும் அது வீட்டின் பட்டியலிலும் தெரியவே செய்யும்.

அடுத்த மாதம் மின்மானி வாசிப்பவர் படலையைத் தட்டும்போது, அவர் எழுதப்போகும் எண் என்னவென்று அவ்வீட்டுப் பிள்ளைக்கு முன்னரே தெரிந்திருக்கும். கொப்பியைக் கொண்டுவந்து ஒத்துப் பார்க்கலாம். பட்டியலைக் கண்டு கலங்கும் வீடு கணக்கை வைத்திருக்கும் வீடாக மாறுவதற்கு அது போதும். அன்றிரவு ஒன்பது மணிக்குத் தந்தையார் எழுந்து சென்று அணைக்கவேண்டியது ஆளில்லா அறையின் விசிறியை. படிக்கும் பிள்ளையின் விளக்கை அன்று.