தினம் ஒரு படம்: வயலின் வளர்ச்சியை வீடியோவாகப் பார்க்கலாம்

தினமும் வரப்பில் நடப்பவர் கண்ணுக்குப் பயிரின் மாற்றம் எளிதில் தெரிவதில்லை. பிள்ளை வளர்வது பெற்றவருக்குத் தெரியாதது போலத்தான். ஒரே இடத்திலிருந்து நாளுக்கு ஒரு படம் எடுத்து வரிசையாக ஓடவிட்டால், நடவு முதல் அறுவடை வரை சில விநாடிகளில் பார்த்துவிடலாம். கூகுள் எர்த்தில் 1984 முதலான செயற்கைக்கோள் படங்கள் இப்படித்தான் கோக்கப்பட்டுள்ளன. ஒரகடத்து நிலங்கள் தொழிற்சாலைகளாக மாறியதை அதில் காணலாம்.

படப்பை, மணிமங்கலம் வட்டார விவசாயிகள் நவரைப் பட்டத்தில் இதைச் செய்து பார்க்கலாம். கோ 51 நெல்லின் வயது 105 முதல் 110 நாள். நாற்றங்கால் போக நடவு வயலில் சுமார் 85 நாள், அதாவது 85 படங்கள். விநாடிக்கு 10 படம் வீதம் எட்டரை விநாடி ஓடும்.

வரப்போரம் சவுக்குக் கழி ஒன்றை ஆழமாக ஊன்றி, நெஞ்சளவு உயரத்தில் சிறு பலகை அடித்துக்கொள்ள வேண்டும். செல்போன் வைக்கும் இடத்தைச் சுற்றிக் கோடு கிழித்துவிட வேண்டும். வடக்கு நோக்கி வைத்தால் வெயில் லென்சில் விழாது. காலை 8 மணி என்றால் தினமும் 8 மணிதான். தூரத்துப் பனைமரம் ஒன்று எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் விழ வேண்டும். இதில் கோட்டை விட்டால் வீடியோ குதிக்கும்.

சேர்ப்பதற்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. ஷாட்கட் என்ற மென்பொருள் இலவசம். கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஒரு மாலை வேலை. படங்களுக்கு 001, 002 என வரிசையாக எண்ணிட்டு ஒரே போல்டரில் வைக்கவும். வீடியோ வேகத்தை விநாடிக்கு 30 என அமைத்து, முதல் படத்தைத் திறந்து, ‘பிராப்பர்ட்டீஸ்’ பகுதியில் ‘இமேஜ் சீக்வென்ஸ்’ என்பதைக் குறியிடவும். ‘ரிப்பீட்’ என்பதில் 3 எனக் கொடுத்தால் விநாடிக்கு 10 படம் ஆகிவிடும். ஒருநாள் படம் தவறினால் பாதகமில்லை.

நீர் தேங்கும் பள்ள மூலை எது, உரம் சரியாக விழாத பட்டை எது, வெளுப்பு எங்கே தொடங்கியது என்பன வீடியோவில் பளிச்சென்று தெரியும். அடுத்த பட்டத்தில் நடவுக்கு முன்பே அந்த இடத்தைச் சமன் செய்துகொள்ளலாம். ஆனால் புகையானுக்கு இதை நம்பி இருந்துவிடக் கூடாது. அது தூரில் இருக்கும் பூச்சி. மேலே தெரியும்போது பயிர் காய்ந்திருக்கும். வயலில் இறங்கித் தூரைத் தட்டித்தான் பார்க்க வேண்டும்.

வீடியோ ஆனதும் மூலப் படங்களை அழித்துவிட வேண்டாம். எடுத்த தேதியும் நேரமும் பதிவாகியிருப்பது அவற்றில்தான்.