ஓட்டுக் கூரையின் கீழ் ஒரு கொரிய ஆலயம்

கொரியக் கட்டடக் கலையென்றதும் அரண்மனைகளும் புத்த விகாரங்களுமே பலர் நினைவில் எழும். நாம் ஈண்டு வாசக அன்பர்களுக்குக் காட்ட விழைவது, அந்நாட்டின் தென்மேற்கே இக்சான் நகரையடுத்த நாபாவி ஆலயத்தை.

1845-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஷாங்காயில் குருப்பட்டம் பெற்ற முதற் கொரியக் குரு அர்ச். அந்திரேயா கிம், ஆயர் ஃபெரியோலோடும் தவெலுயி சுவாமியோடும் சிறு மரக்கலமேறிக் கடல் கடந்து, அக்டோபரில் கரையிறங்கியது இவ்விடத்தருகேதான். மறு ஆண்டே, தம் 25-ஆம் வயதில், தலை வெட்டுண்டு வேதசாட்சியானார். சியோலில் 1984 மே 6-இல் புனிதர் பட்டம் பெற்ற 103 பேருள் அவரும் ஒருவர்.

புதுவை மக்கள் நன்கறிந்த பாரிசு வேதபோதக சபையின் வெர்மொரெல் சுவாமி, 1906-இல் தொடங்கி மறு ஆண்டு இவ்வாலயத்தை முடித்தார். மரத்தூண், மண்சுவர், ஓட்டுக்கூரை என அந்நாட்டு இல்லம் போலவே அமைத்தார். 1916-இல் மண்சுவர் செங்கற்சுவராயிற்று. முகப்பில் மணிக்கோபுரமும் எழுந்தது. முன்புறம் ஐரோப்பியம், பின்புறம் கொரியம்! இக்கலப்பு சிலருக்கு ஒவ்வாதிருக்கலாம். நமக்கோ மனத்துக்கு இனிதாகவே இருக்கிறது. பலகணிகளில் வண்ணக் கண்ணாடி இல்லை. மரப்பட்டைத் தாளின் வழியே மெல்லொளி கசிந்து பீடத்தில் படிகிறது.

உள்ளே நடுவில் ஒரு தூண் வரிசை. ஆடவர் ஒருபுறம், மகளிர் மறுபுறம், நுழைவாயில்களும் வெவ்வேறு. நம் பங்குகளிலும் முன்னாளில் இருபாலார் தனித்தனியே அமர்ந்தனரன்றோ! ஆனால் கன்பூசிய ஒழுக்கத்தில் ஊறிய கொரியாவில் இது வெறும் வழக்கமன்று. இருபாலாரும் ஒன்றுகூடித் தொழுவதே கிறிஸ்தவர் மீது சுமத்தப்பட்ட பழிகளுள் ஒன்று. அப்பழி கேட்டு வளர்ந்தோர் மனம் கூசாமல் திருப்பலிக்கு வருவதற்கே அத்தூண்கள் நடப்பட்டன. பிரிவினை நீங்கிவிட்டது, தூண்கள் நிற்கின்றன.