பூவின் ஐந்து பெயர்களும் தடித்த வண்ணமும்

பூவை வரைவது வேறு. பூவை வண்ணத்தால் கட்டி எழுப்புவது வேறு. நீர்வண்ணம் இதழின் நிறத்தைத் தாளில் பதிக்கிறது. அக்ரிலிக் வண்ணத்தைக் கத்தியால் தடிப்பாக அப்பித் தீட்டும்போதோ, இதழின் மேடும் மடிப்பும் துணியின்மீதே எழுந்து நிற்கின்றன. ஒளி பட்டால் அவற்றுக்கு உண்மையான நிழலும் விழுகிறது. வின்சென்ட் வான் கோ 1888இல் பிரான்சின் ஆர்ல் நகரில் சூரியகாந்திகளை இவ்வாறே தடித்த எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். எண்ணெய் வண்ணம் உலரப் பல நாள் வேண்டும். 1950களில் விற்பனைக்கு வந்த, நீரில் கலக்கும் அக்ரிலிக் வண்ணமோ விரைவில் இறுகத் தொடங்கும். ஆதலின், கத்தியை எடுக்குமுன்பே பூவின் எந்த நிலையைத் தீட்டப்போகிறோம் என்னும் தெளிவு வேண்டும்.

அத்தெளிவைத் தமிழ் தருகிறது. தமிழின் சொல்வளத்தை விளக்கிய தேவநேயப் பாவாணர், பூவின் நிலைகளை ஐந்தாகப் பிரித்துக் காட்டினார். தோன்றும் நிலை அரும்பு. விரியத் தொடங்கும் நிலை போது. விரிந்த நிலை மலர். கீழே விழுந்த நிலை வீ. வாடிய நிலை செம்மல். தேர்வுக்காக மனனம் செய்வோர்க்கு இவை வெறும் சொற்பட்டியல். ஓவியர்க்கோ ஐந்து வடிவங்கள்.

நம் வீட்டு வாசலில் பூக்கும் செம்பருத்தியையே காண்போம். 1960இல் தேசிய மலராக அறிவிக்கப்பட்ட அதற்குக் கோலாலம்பூர் பெர்டானா தாவரவியல் பூங்காவில் தனித் தோட்டமே உண்டு. அரும்பில் பச்சைப் புறவிதழே தெரியும். அதற்குச் சிறு வண்ணத்திரள் போதும். போதில் ஐந்து இதழ்களும் ஒன்றையொன்று தழுவி முறுக்கியிருக்கும். கத்தி முனையைத் திருகியவாறு மேலே இழுத்தால் அம்முறுக்கு அமையும். மலருக்கு, நடுவிலிருந்து வெளிநோக்கி இழுத்து, விளிம்பில் வண்ணம் தேங்குமாறு கத்தியை எடுக்க வேண்டும். மகரந்தத் தண்டை இதழ்கள் உலர்ந்த பின்னரே வைத்தல் நன்று. செம்பருத்தி பெரும்பாலும் ஒரே நாளில் சுருண்டு செம்மலாகி, அதன் பின்னரே விழுகிறது. பவளமல்லிகையோ வாடுமுன்பே விடியலில் உதிர்ந்துவிடுகிறது. முன்னதன் செம்மல் கிளையில் தொங்கும். பின்னதன் வீ தரையில் புதுமை மாறாது கிடக்கும். இவ்வேறுபாட்டை அறியாத கை இரண்டையும் ஒன்றுபோலவே தீட்டும்.

வண்ணத்தின் இயல்பையும் அறிதல் வேண்டும். அக்ரிலிக்கின் பிசின் ஈரத்தில் பால்போல் வெளுத்திருந்து, உலர்ந்ததும் தெளிவடைகிறது. ஆதலால் நிறம் சற்றே அடர்ந்து தோன்றும். நீர் ஆவியாவதால் மேடும் சிறிது தாழும். ஒரேயடியாக மிகத் தடிப்பாக அப்பினால், மேற்புறம் முந்தி உலர்ந்து வெடிக்கக்கூடும். படலம் படலமாக ஏற்றுவதே முறை.

ஒளிப்படத்தைப் பார்த்து வரையும் மாணவர் பெரும்பாலும் விரிந்த மலரை மட்டுமே காண்கின்றனர். எஞ்சிய நான்கும் கண்ணைவிட்டு அகன்றால், அவற்றின் பெயர்களும் நாவைவிட்டு அகலும். ஆசிரியர்கள் காட்சிக்கலை வகுப்பையும் தமிழ் வகுப்பையும் ஒருநாள் பள்ளித் தோட்டத்தில் இணைத்து நடத்தலாம். ஒரே செடியைக் காலையிலும் பள்ளி முடியும் வேளையிலும் மறுநாளும் பார்த்து, கண்ட நிலையின் பெயரை ஓவியத்தின் கீழ் எழுதச் செய்யலாம்.