உங்களுக்குத் தெரியுமா? 574இல் இரண்டே இரண்டு!

குருதிக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீமோகுளோபின், 574 அமினோ அமிலங்கள் நான்கு சங்கிலிகளாகக் கோக்கப்பட்ட, மின்சுமை தாங்கிய மூலக்கூறு. அவற்றுள் இரண்டு மட்டும் மாறினாலே கொடிய அரிவாள் செல் நோய் உண்டாகிறது.

• எதிர்மின்சுமையுள்ள குளுட்டாமிக் அமிலத்தின் இடத்தில் சுமையற்ற வேலின் அமர்வதே அம்மாற்றம். இதனால் நேரும் மின்சுமை வேறுபாட்டை, மின்புலத்தில் மூலக்கூறுகள் நகரும் வேகத்தை ஒப்பிடும் எலெக்ட்ரோஃபோரெசிஸ் முறையால் லைனஸ் பாலிங் குழுவினர் 1949இல் வெளிப்படுத்தினர்.

• காரக் கரைசலில் ஊறிய ஜெல்லில், நோய்க்குரிய ஹீமோகுளோபின் நேர்மின்முனையை நோக்கிச் செல்கையில் பின்தங்கும். தாய், தந்தை இருவருள் ஒருவரிடமிருந்து மட்டும் இந்நோய்க்கான மரபணுவைப் பெற்றவரின் மாதிரியில் இரு பட்டைகள் தெளிவாகப் பிரிந்து தெரியும்.

• நீலகிரிப் பழங்குடியினரிடையே இம்மரபணு இருப்பதை லேமனும் கட்புஷும் 1952இல் அறிவித்தனர்; கேரளத்தின் வயநாட்டுப் பழங்குடியினரிடமும் இது காணப்படுகிறது.